கரடி விடுதல்

ஜாம் பஜாரில் ஞாயிறு காலை ஆறரை.
ஏழாவது ஆடு கொக்கியில்.
வரிசையில் நிற்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தான் ஜெபசிங்,
பதினோரு வருடம் மின்னசோட்டாவில் இருந்துவிட்டு
அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு வந்தவன்.
"நிஸ்தார் பாய், போன வருஷம் நான் கரடி அடிச்சேன்."

வரிசையில் ஒருவர் சிரித்தார்.
நம்ம ஊரில் கரடியை அடிப்பதில்லை,
விடுவதுதான்.

போனை நீட்டினான்.
என் கையில் ரத்தம், கண்ணால் மட்டும் வாங்கினேன்.
கறுப்பாய் ஒரு மூட்டை, ஓரத்தில் துருத்திய நாக்கு,
பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டையில் இவன்.
கல்யாணத்தில்கூட இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அது விலக்கு.
கோரைப்பல்லால் கிழிக்கிற எதுவும் விலக்கு.
ஆனால் முப்பத்திரண்டு வருடம் கத்தி பிடித்த கை
சும்மா இருக்குமா?
தோல் எப்படி வந்தது, பனியன் கழற்றுகிற மாதிரியா,
பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டா?
கொழுப்பு எத்தனை விரல்? மஞ்சளா, வெள்ளையா?

"மூணு விரல், பாய். வெண்ணெய் கெட்டான் வெள்ளை.
உருக்கி பாட்டில்ல வெச்சோம்.
எஸ்தர் அதுல பூரி சுட்டா.
அவ தின்னல. புள்ளைங்க தின்னுச்சுங்க."

கறி?

"மாட்டுக்கும்..." என்று இழுத்தவன்
என் தொப்பியைப் பார்த்துவிட்டு
"இன்னொண்ணுக்கும் நடுவுல" என்றான்.
நல்லாத்தான் இருந்ததாம். கொஞ்சம் இனிப்பாம்.
குக்கரில் ஒன்பது விசில்.
உள்ளே சிவப்புத் தெரிந்தால் தொடக்கூடாது,
கண்ணுக்குத் தெரியாத புழு சதைக்குள் சுருண்டு கிடக்கும்.
அரைக் கிலோவுக்கு நின்றிருந்த அம்மா
"காலங்காத்தால பேசற பேச்சா" என்று
முந்தானையால் மூக்கை மூடினாள்.

இனிப்பு ஏன் என்று கேட்டேன்.
அங்கேதான் அவன் குரல் இறங்கியது.

"பீப்பாய் வெப்போம் பாய். பழைய பன், ஜாம்,
மேல சர்க்கரைப் பாகு.
பதினாறு நாள் தினம் சாயந்திரம் வந்துச்சு.
நான் மரத்து மேல பலகையில.
பன்னை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கும்.
ஜாமை மொதல்ல நக்கிட்டு அப்புறந்தான் கடிக்கும்.
பதினேழாம் நாளு..."

அதற்கு மேல் கத்தியின் சத்தம்தான்.

தின்றதுதான் ருசி, அது எனக்குத் தெரிந்த விஷயம்.
எலெக்‌ஷன் முடிந்த மாதம் உள்ளூர் ஆடு வாங்கமாட்டேன்.
சுவர் சுவராய்ப் போஸ்டர் தின்றிருக்கும்,
குடலைத் திறந்தால் மைதாப் பசை வாடை,
ஒருமுறை ஒரு சின்னமே முழுசாய் வந்தது.
ஆந்திரா ஆடு வேறு,
கருவேலங்காய் தின்று வளர்ந்தது, கொழுப்பே மணக்கும்.

உரிச்ச பிறகு ஃபோட்டோ இருக்கா என்றேன்.
தொழில் புத்தி.

போனைக் கவிழ்த்து வைத்தான்.
"எடுக்கல."
ஏன்?
"தோலை எடுத்துட்டா அது...
பாதம், பாய். அஞ்சு விரல். குதிகால்."
சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தான்.

ஆட்டை உரித்தால் ஆடுதான்.
எனக்கு இப்படி ஒரு வசதி இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு கிலோ தொடை, கால் கிலோ ஈரல் வாங்கினான்.
சின்னதாய்ப் போடச் சொன்னான்.
அம்மாவுக்குப் பல்லும் சரியில்லையாம்.
காசு வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுப் போனான்.

பதினொன்றுக்குக் கட்டையைக் கழுவி உப்புத் தூவிவிட்டு
பக்கத்து டீக்கடைக்குப் போனேன்.
தினமும் அதே நேரம், அதே பெஞ்ச்.
கேட்காமலே பன் பட்டர் ஜாம் தட்டில் வரும்.

ஜாமை நக்கி முடித்திருந்தேன்.
பன்னை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன் என்பது
பாதியில்தான் உறைத்தது.
ஒரு கையை எடுத்து
லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.